பாதியில் நின்ற முள்

ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் முன்னோர் வாக்கு. கிணற்றின் ஆழத்தைக் கயிறு விட்டும், ஆற்றின் ஆழத்தைக் கோல் ஊன்றியும் அறிந்த மக்கள் நாம். ஆயினும் வாசலில் நிற்கும் காரின் தொட்டியில் எவ்வளவு எண்ணெய் இருக்கின்றதென்பதை மட்டும், முகப்பில் ஆடும் ஒரு சிறு முள்ளின் சொல்லை நம்பியே ஏற்றுக்கொள்கின்றோம். அந்த முள் பொய் சொன்னால் என்ன நேரும்? 2003ஆம் ஆண்டு ஒரு நள்ளிரவில் அதனை நாம் கற்றோம். நாம் கற்றோம் என்பதைவிட, நம் பொருட்டு வேறு சிலர் துன்பப்பட்டு நமக்குக் கற்பித்தனர் என்பதே பொருந்தும்.

அந்நாளில் பாடாலூருக்கு அருகே ஒரு சிற்றூரில் நாம் இருந்தோம். நம்மிடம் ஒரு பழைய டீசல் அம்பாசடர் கார் இருந்தது. பலர் கைமாறி வந்த வண்டி. எஞ்சின் பழுதில்லை, பிரேக் பழுதில்லை, கதவுகள் மட்டும் ஓங்கி அடித்தால்தான் மூடும். ஒரே ஒரு குறை: டீசல் அளவைக் காட்டும் முள் பாதிக்குக் கீழே இறங்குவதே இல்லை. தொட்டி நிறைந்திருக்கும்போது ஒழுங்காக மேலே நிற்கும். ஓட ஓட மெல்ல இறங்கும். பாதிக்கு வந்ததும் அங்கேயே நின்றுவிடும். தொட்டி வறண்டாலும் அதற்குப் பாதிதான்.

இக்குறை நமக்கு நன்கு தெரியும். ஏறத்தாழ ஓராண்டாகவே தெரியும். நகரத்தில் ஒரு பட்டறையில் காட்டியபோது, முகப்பிலுள்ள மீட்டரைக் கழற்றிப் புதிது மாட்டிக் கொடுத்தார்கள். இரண்டு வாரம் தொட்டி நிறைவாக இருந்த வரையில் எல்லாம் சரியாகவே தோன்றியது. பிறகு புதிய முள்ளும் பழைய முள்ளைப் போலவே பாதியில் வந்து நின்றது. போகட்டும் என்று விட்டுவிட்டோம். ஒரு சிறு நோட்டுப் புத்தகம் வாங்கி, டீசல் போடும்போதெல்லாம் எத்தனை லிட்டர், வண்டி ஓடிய கிலோமீட்டர் எவ்வளவு என்று குறித்து வைத்தோம். லிட்டருக்கு 12 கிலோமீட்டர் என்று கணக்கிட்டு, ஒரு நாளும் வழியில் நிற்காமல் ஓட்டி வந்தோம். நம் சாமர்த்தியத்தை எண்ணி உள்ளூர மகிழ்ந்ததும் உண்டு.

அந்த இரவு

ஒரு நாள் வெளியூர் சென்று திரும்பத் தாமதமாயிற்று. கார் வீட்டில் இருந்தது. நாம் பேருந்தில் சென்றிருந்தோம். அன்று இரவு பதினொரு மணிக்கு ஊரில் ஒரு பெண்ணுக்குப் பிரசவ வேதனை கண்டது. தலைப்பிரசவம். உடனே திருச்சிக்குக் கொண்டு செல்ல வேண்டும் என்று செவிலியர் சொல்லிவிட்டார். 108 ஆம்புலன்ஸ் நம் மாநிலத்திற்கு வந்தது 2008ஆம் ஆண்டில்தான். அதற்கு முன்பு சிற்றூர்களில் யார் வீட்டில் கார் இருந்ததோ அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். அவ்வாறே நம் வீட்டுக் கதவைத் தட்டினார்கள். சமையற்கார அம்மா சாவியை எடுத்துக் கொடுத்தார். கார் ஓட்டத் தெரிந்த இளைஞர் ஒருவர், பெண்ணையும் அவள் தாயையும் ஏற்றிக்கொண்டு புறப்பட்டார். பொறுப்பான பிள்ளை. புறப்படுமுன் முகப்பைப் பார்த்தார். முள் பாதியில் இருந்தது. பாடாலூரிலிருந்து திருச்சி 30 கிலோமீட்டருக்குச் சற்று மேல். பாதித் தொட்டி இருந்தால் போய்ப் பலமுறை திரும்பலாம்.

பாடாலூரைத் தாண்டிச் சிறுகனூரை எட்டுமுன் வண்டி இருமிற்று, நின்றது.

அந்நாளில் அச்சாலை இன்றுள்ள நான்கு வழிச் சாலை அன்று. எதிரும் புதிருமாக லாரிகள் விரையும் ஒரே சாலை. ஓரத்தில் இருட்டில் ஒரு கார். உள்ளே வேதனையில் ஒரு பெண். இரக்கமுள்ள ஒரு லாரிக்காரர் நிறுத்தித் தம் வண்டியிலிருந்து ஐந்து லிட்டர் டீசல் இறக்கிக் கொடுத்தார். ஊற்றினார்கள். எஞ்சின் சுற்றியது, பிடிக்கவில்லை. மீண்டும் மீண்டும் சுற்றியதில் பாட்டரியும் சோர்ந்தது. டீசல் வண்டி வறண்டு நின்றால் குழாய்களில் காற்றுப் புகுந்துவிடும் என்பதும், அக்காற்றை வெளியேற்றினால்தான் வண்டி கிளம்பும் என்பதும் அப்பிள்ளைக்குத் தெரியாது. கடைசியில் சின்ன வெங்காயம் ஏற்றி வந்த ஒரு வேன், மூட்டைகளில் நான்கைச் சாலையோரம் இறக்கி வைத்துவிட்டு, அப்பெண்ணுக்கு இடம் கொடுத்தது. விடியுமுன் திருச்சியில் ஒரு மருத்துவமனையில் ஆண் குழந்தை பிறந்தது. தாயும் சேயும் நலம். ஏறத்தாழ ஒன்றரை மணி நேரம் சாலையில் கழிந்திருந்தது.

மறுநாள் காலை நாம் பேருந்தைவிட்டு இறங்கியபோது அவ்விளைஞர் நமக்காக நிறுத்தத்தில் காத்து நின்றார். ஊரார் அவரைத்தான் கடிந்துகொண்டிருந்தார்கள். டீசல் பார்க்காமல் வண்டி எடுக்கலாமா என்பது அவர்கள் கேள்வி. அவர் நம்மிடம் சொன்னது ஒன்றே:

“முள்ளு பாதியில நின்னுச்சு சாமி. அத நம்பித்தான் எடுத்தேன்.”

நமக்குப் பதில் இல்லை. அந்த முள் பொய் சொல்லும் என்பது ஊரில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அவருடைய நோட்டுப் புத்தகம், வண்டி நின்ற அந்நேரத்தில், அவர் சட்டைப் பையில் பத்திரமாக இருந்தது.

முள் உண்மையில் எதைக் காட்டுகின்றது?

அன்றே பாடாலூரில் ஒரு முதிய மெக்கானிக்கை அழைத்து வந்தோம். முன்பு ஒரு பட்டறையில் மீட்டரை மாற்றியதைச் சொன்னோம். அவர் சிரித்தார்.

“மருந்து குடுக்குறதுக்கு முன்னால நாடி பாக்கணும் சாமி. மீட்டர மாத்துனாங்களே, நாடி பாத்தாங்களா?”

“நாடியை எங்கே பார்ப்பது மேஸ்திரி?” என்றோம்.

“டேங்க்ல” என்றார்.

அன்று அவர் நமக்குக் கற்பித்ததையும், பின்னர் நாம் படித்தும் செய்தும் அறிந்ததையும் பழைய கார் வைத்திருக்கும் குடும்பங்களுக்குப் பயன்படுமாறு இங்கே கூறுகின்றோம்.

முதலில் ஓர் உண்மையை உணர வேண்டும். முகப்பிலுள்ள முள் எண்ணெயைப் பார்ப்பதே இல்லை. அது பார்ப்பது தன்னிடம் வந்து சேரும் மின்னோட்டத்தை மட்டுமே. எண்ணெயைப் பார்ப்பது தொட்டிக்குள் இருக்கும் மற்றொரு கருவி. மெக்கானிக்குகள் அதனை டேங்க் யூனிட் என்பார்கள். அதில் ஒரு மிதவை உண்டு. பித்தளையிலோ பிளாஸ்டிக்கிலோ செய்தது, மிகப் பழைய வண்டிகளில் தக்கையாலானது. மிதவை ஒரு கம்பியின் நுனியில் இருக்கும். எண்ணெய் ஏறினால் மிதவை ஏறும், இறங்கினால் இறங்கும். கம்பியின் மறுநுனி, மயிரிழை போன்ற மெல்லிய கம்பி நெருக்கமாகச் சுற்றிய ஒரு பட்டையின்மீது உராய்ந்து நகரும். நகரும் இடத்திற்கேற்ப மின்தடை கூடும் அல்லது குறையும். அதற்கேற்ப மின்னோட்டம் மாறும். அம்மாற்றத்தையே முள் அளவாக நமக்குக் காட்டுகின்றது.

ஆகவே தொட்டிக்கும் கண்ணுக்கும் இடையே நான்கு சாட்சிகள் இருக்கின்றனர்: தொட்டியிலுள்ள யூனிட், அங்கிருந்து முன்னே வரும் வயர், முகப்பிலுள்ள மீட்டர், இவற்றுக்கு மின்சாரம் தரும் ஃப்யூஸும் எர்த்தும். நால்வரில் ஒருவர் பிறழ்ந்தாலும் முடிவு பொய்யாகும். யார் பிறழ்ந்தவர் என்று விசாரிக்காமல் கண்ணுக்குத் தெரிந்தவரைத் தண்டிப்பதே மீட்டரை மாற்றுவது.

அறிகுறிகள்

விசாரணைக்கு முன்பே முள்ளின் நடத்தை சிலவற்றைச் சொல்லிவிடும். சாவியைத் திருப்பியதும் முள் எவ்வாறு எழுகின்றது என்று பாருங்கள். சட்டென்று தாவி எழுந்தால் அது காந்தச் சுருள் வகை. சோம்பல் முறிப்பவனைப் போலச் சில விநாடிகள் எடுத்து மெல்ல எழுந்தால் அது வெப்ப வகை. உள்ளேயுள்ள இரட்டை உலோகப் பட்டை மின்சாரத்தால் சூடாகி வளைந்து முள்ளைத் தள்ளுகின்றது. நம் வண்டியில் இருந்தது இரண்டாம் வகை. இவ்வகையில் மின்சாரம் வரவில்லையெனில் முள் காலியில் படுத்துக்கொள்ளும். பின்வரும் அறிகுறிகள் இவ்வகைக்கு உரியவை.

முள் எப்போதும் காலியிலேயே கிடந்தால் ஃப்யூஸ் போயிருக்கலாம், வயர் அறுந்திருக்கலாம், யூனிட்டுக்கு எர்த் இல்லாதிருக்கலாம், மிதவை ஓட்டையாகி எண்ணெய் புகுந்து மூழ்கியிருக்கலாம். எப்போதும் நிறைவையே காட்டினால், தொட்டியிலிருந்து வரும் வயர் எங்கோ தோலுரிந்து காரின் உடம்பில் உரசுகின்றது என்பது பொதுவான காரணம். முள் நடுங்கினாலும் குறிப்பிட்ட ஓரிடத்தில் மட்டும் தடுமாறினாலும், இணைப்பு தளர்ந்திருக்கும் அல்லது யூனிட்டின் மெல்லிய கம்பிச் சுற்று அவ்விடத்தில் தேய்ந்திருக்கும். முள் ஓரிடத்திற்கு மேல் ஏறாமலோ கீழ் இறங்காமலோ நின்றால் மிதவைக் கம்பி சிக்கியிருக்கலாம்.

எண்ணெய் முள், வெப்ப முள் ஆகிய இரண்டும் ஒருங்கே தவறாகக் காட்டுமாயின் தொட்டியைத் தொடவே வேண்டாம். இவ்வகை மீட்டர்கள் பலவற்றிற்குப் பொதுவாக முகப்பின் பின்னால் வோல்டேஜ் ஸ்டெபிலைசர் என்ற சிறு பெட்டி ஒன்று இருக்கும். எஞ்சின் வேகத்திற்கேற்ப 12 வோல்ட்டுக்கும் 14 வோல்ட்டுக்கும் இடையே மாறும் மின்சாரத்தை, விட்டுவிட்டு அனுப்பி, சராசரி 10 வோல்ட்டாக்கிக் கொடுப்பது அதன் வேலை. அது கெட்டாலும், அதன் எர்த் விட்டாலும், அதனிடம் மின்சாரம் பெறும் இரண்டு முட்களும் சேர்ந்தே பிறழும்.

சில மாற்றங்கள் பழுதே அல்ல என்பதையும் கூற வேண்டும். மேட்டில் ஏறும்போதும் வளைவில் திரும்பும்போதும் எண்ணெய் ஒருபுறம் சாய்வதால் முள் சற்று ஏறி இறங்கும். எண்ணெய் போட்டவுடன் வெப்ப வகை முள் உடனே உயராது. ஒரு நிமிடம் பொறுக்க வேண்டும். சமதரையில் வண்டியை நிறுத்தி, சாவியைத் திருப்பி, சற்றுப் பொறுத்துப் பார்ப்பதே முறை.

ஒரு துண்டு வயரால் விசாரணை

மேஸ்திரி கொண்டு வந்த கருவிகள் ஒரு ஸ்பேனர், ஒரு திருப்புளி, ஒரு முழ நீள வயர், ஒரு துண்டு உப்புத்தாள். இவ்வளவே.

முதலில் ஃப்யூஸைப் பார்த்தார். அதனோடு இணைந்த மற்ற விளக்குகளும் கருவிகளும் வேலை செய்தன. அடுத்து தொட்டியின் யூனிட்டில் வந்து முடியும் வயரைப் பார்த்தார். சில வண்டிகளில் டிக்கிக்குள் ஒரு மூடியை அகற்றினால் அது தெரியும். சிலவற்றில் வண்டிக்கு அடியில் படுத்துத்தான் பார்க்க வேண்டும். இணைப்பில் இருந்த களிம்பை உப்புத்தாளால் தேய்த்து மாட்டினார். முள் மாறவில்லை.

மூன்றாவதாக எர்த். முழ வயரின் ஒரு நுனியை யூனிட்டின் உலோக உடம்பிலும், மறுநுனியைக் காரின் சட்டத்தில் பெயின்ட் சுரண்டிய ஓரிடத்திலும் அழுத்திப் பிடித்தார். அப்போது முள் சரியாகிவிட்டால், பழுது வெறும் துருவே என்று பொருள். பழைய வண்டிகளில் மிகுதியாக நேர்வது இதுவேயாம். ஒரு புது எர்த் வயர் போட்டால் தீர்ந்தது. செலவு ஒரு டீயின் விலை. நம் வண்டியில் அதுவும் இல்லை.

நான்காவது சோதனைதான் தலையாயது. யூனிட்டிலிருந்து வயரைக் கழற்றிக் காற்றில் பிடித்தார். நம்மை முன்னே அமர்த்திச் சாவியைத் திருப்பச் சொன்னார். முள் மெல்ல இறங்கிக் காலியில் படுத்தது. ஓராண்டாகப் பாதிக்குக் கீழே இறங்காத முள்! பிறகு அதே வயரின் நுனியைக் காரின் உடம்பில் சில விநாடிகள் தொட்டார். முள் எழுந்து நிறைவைத் தொட்டது. உடனே எடுத்துவிட்டார், நெடுநேரம் பிடித்தால் மீட்டர் கருகும். காந்தச் சுருள் வகையாயின் இச்சோதனையின் பலன் தலைகீழாக இருக்கும் என்பதை நினைவிற்கொள்க: கழற்றினால் நிறைவையும், உடம்பில் தொட்டால் காலியையும் காட்டும்.

முள் இரு எல்லைகளுக்கும் சென்று வந்துவிட்டது. அப்படியானால் மீட்டர் நல்லது, வயர் நல்லது. குற்றவாளி தொட்டிக்குள் இருக்கின்றான். ஐந்து நிமிடத்தில் தீர்ப்புக் கிடைத்தது. இச்சோதனையை முதலிலேயே செய்திருந்தால், நாம் மாற்றிய புது மீட்டரின் விலை மிஞ்சியிருக்கும். அந்த இரவும் நேர்ந்திராது. முள் எல்லைகளுக்குச் செல்லவில்லையெனில், இதே வயரை மீட்டரின் பின்புறம் சென்று மீண்டும் சோதிக்க வேண்டும். அங்கே முள் அசைந்தால் இடையிலுள்ள வயர் பழுது. அங்கும் அசையாவிடில், மீட்டருக்கு மின்சாரம் வருகின்றதா என்பதை டெஸ்ட் லாம்பால் பார்த்து, வருமாயின் அப்போது மீட்டரை மாற்றலாம்.

பாட்டரியின் எர்த்தைக் கழற்றிய பின்னரே மேஸ்திரி யூனிட்டை வெளியே எடுத்தார். கம்பியின் கீல் துருவும் கசடும் ஏறி இறுகிப் போயிருந்தது. கையால் தூக்கினால் மேலே செல்லும். விட்டால் பாதிவரை இறங்கி, அங்கே சிக்கிக்கொண்டு நின்றுவிடும். எண்ணெய் போன பிறகும் மிதவை காற்றில் தொங்கிக்கொண்டு, பாதித் தொட்டி இருக்கின்றது என்று சான்று கூறியிருக்கின்றது. சுத்தம் செய்தால் சில மாதம் ஓடலாம் என்றார். ஆயினும் கம்பிச் சுற்றும் தேய்ந்திருந்தமையால் புதிய யூனிட்டே போட்டோம். பொருத்துமுன் வயரை மாட்டி, யூனிட்டைக் காரின் உடம்போடு எர்த் செய்து, தொட்டியை விட்டுத் தள்ளி வைத்து, மிதவையைக் கையால் மேலும் நடுவிலும் கீழும் வைத்து முள் சரியாக நிற்கின்றதா என்று பார்த்தார். பிறகு புது வாஷர் வைத்து மூடினார். பழைய வாஷரையே மீண்டும் போட்டால் எண்ணெய் கசியும்.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

நம் வண்டி டீசல் வண்டி. பெட்ரோல் வண்டியாயின் எச்சரிக்கை பன்மடங்கு வேண்டும். வெறுமையான தொட்டி பாதுகாப்பானது என்று எண்ணுவது பெருந்தவறு. திரவப் பெட்ரோலைவிட, தொட்டியில் தங்கியிருக்கும் ஆவியே எளிதில் வெடிக்கக் கூடியது. மூடிய ஷெட்டில் தொட்டியைத் திறக்கலாகாது. பீடி, தீக்குச்சி, எரியும் பல்பு எதுவும் அருகில் ஆகாது. ஓட்டையான பித்தளை மிதவையைக் காதருகே குலுக்கினால் உள்ளே எண்ணெய் சலசலக்கும். அதனை ஈயம் வைத்துப் பற்ற வைத்தல் உண்டு. ஆனால் உள்ளேயுள்ள எண்ணெய் முழுவதும் வெளியேறும் முன் சூடு காட்டினால் மிதவை வெடிக்கும். புதிய மிதவை வாங்குவதே நன்று.

குழாயை வாயில் வைத்து உறிஞ்சி எண்ணெய் எடுக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கின்றது. ஒரு மிடறு தவறி மூச்சுக்குழலில் சென்றால் நுரையீரல் கடுமையாகப் பாதிக்கப்படும். அவ்வாறு விழுங்கியவரை வாந்தி எடுக்கச் செய்யலாகாது. அதனால் எண்ணெய் மீண்டும் நுரையீரலுக்குள் செல்லும். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எடுத்த எண்ணெயைக் குடிநீர்ப் பாட்டிலில் ஊற்றி வீட்டில் வைப்பதும் கூடாது. குழந்தைகளுக்குப் பாட்டில் என்றால் தண்ணீர்தான்.

டீசல் வண்டி வறண்டு நின்றுவிட்டால் செய்ய வேண்டியதையும் அறிந்திருத்தல் நலம். குறைந்தது ஐந்து லிட்டராவது ஊற்றி, ஃபில்டரின் மேலுள்ள திருகைச் சற்றுத் தளர்த்தி, கைப்பம்பை விடாமல் அடிக்க வேண்டும். முதலில் நுரை வரும். நுரை நின்று எண்ணெய் மட்டும் வரும்போது திருகை இறுக்க வேண்டும். அடுத்து இன்ஜெக்ஷன் பம்பிலுள்ள திருகிலும் அவ்வாறே செய்ய வேண்டும். இதற்கு ஏர் எடுத்தல் என்று பெயர். பகலில், பழகிய கைக்குப் பத்து நிமிட வேலை. நள்ளிரவில், பழகாத கைக்கு அது ஒரு மலை.

முள் இல்லாத காலமும் முள் பொய்த்த விமானமும்

முள்ளே இல்லாமலும் உலகம் கார் ஓட்டியிருக்கின்றது. 1908ஆம் ஆண்டு வெளிவந்த ஃபோர்டின் மாடல் டி கார்களில் பெரும்பாலானவற்றில் தொட்டி முன் இருக்கைக்கு அடியில் இருந்தது. மெத்தையைத் தூக்கி, மூடியைத் திறந்து, குச்சி விட்டுத்தான் பார்ப்பார்கள். ஜெர்மனியின் வோக்ஸ்வாகன் பீட்டில் காரில் 1960-களின் தொடக்கம் வரை முள் இல்லை. எண்ணெய் தீர்ந்தால் காலால் ஒரு கைப்பிடியைத் திருப்பி மிச்சமிருக்கும் எண்ணெயில் ஓட்டுவார்கள். நம் நாட்டில் புல்லட்டும் எஸ்டியும் ஓட்டியவர்களுக்கு ‘ரிசர்வில் போடுவது’ புதிதன்று. பெட்ரோல் பங்குகளில் தரைக்கடியிலுள்ள தொட்டியைக்கூட அளவு குறித்த கோல் விட்டுப் பார்ப்பதை இன்றும் காணலாம். இன்றைய புதுக் கார்களில் முள்ளுக்குப் பதில் ஒளிக்கோடுகள் வந்துவிட்டன; ஆனால் பெரும்பாலானவற்றின் தொட்டிக்குள்ளே ஏறி இறங்குவது அதே மிதவைதான்.

முள் இல்லாதவன் குச்சியைத் தேடுவான். முள் பொய்யென்று அறியாதவனோ எதையும் தேடமாட்டான். முள் பொய்யென்று அறிந்தவன் தன் கணக்கை நம்புவான், அக்கணக்கும் தவறலாம். இதற்கு 1983ஆம் ஆண்டு ஜூலை 23ஆம் நாள் கனடாவில் நிகழ்ந்ததைவிடத் தெளிவான சான்று வேண்டுவதில்லை. ஏர் கனடா நிறுவனத்தின் புத்தம் புதிய போயிங் 767 விமானம் மான்ட்ரியலிலிருந்து எட்மன்டனுக்குப் புறப்பட்டது. அதன் எரிபொருள் அளவுமானி பழுது என்பது புறப்படும் முன்பே தெரியும். ஆகவே தொட்டியைக் கோலால் அளந்து கணக்கிட்டார்கள். கனடா அப்போதுதான் பவுண்டிலிருந்து கிலோவுக்கு மாறிக்கொண்டிருந்தது. கணக்கில் கிலோவுக்குரிய எண்ணுக்குப் பதிலாகப் பவுண்டுக்குரிய எண்ணைப் போட்டுவிட்டார்கள். 22,300 கிலோ இருப்பதாக எண்ணியவர்களிடம் இருந்தது 22,300 பவுண்டு. அதாவது பாதிக்கும் குறைவு. நடுவானில் எஞ்சின்கள் இரண்டும் ஒன்றன்பின் ஒன்றாக நின்றன. விமானத் தலைவர் பாப் பியர்சன் எஞ்சின் இல்லாத சறுக்கு விமானம் ஓட்டிப் பழகியவர். அத்திறமையால் கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய இராணுவ ஓடுதளத்தில் விமானத்தை இறக்கினார். 69 பேரும் உயிர் பிழைத்தனர்.

அங்கும் பழுதை அறிந்தவர்கள் இருந்தார்கள். ஒருவர் அறிந்தது அடுத்தவருக்கு முழுமையாகச் சென்று சேரவில்லை. அவர்களுக்கும் நமக்கும் உள்ள ஒற்றுமை இதுவே.

பழகிப்போன பழுது

மேஸ்திரி புறப்பட்ட பிறகு நாம் ஒரு வேலை செய்தோம். தொட்டியில் மிச்சமிருந்ததை ஒரு கேனில் இறக்கிவிட்டு, ஐந்து ஐந்து லிட்டராக அளந்து ஊற்றி, ஒவ்வொரு முறையும் முள் நின்ற இடத்தை ஓர் அட்டையில் குறித்தோம். தொட்டியின் வடிவம் மேலும் கீழும் ஒரே அளவினதாக இல்லாமையால், முள்ளின் பாதி எப்போதும் எண்ணெயின் பாதியாக இருப்பதில்லை என்பது அப்போது விளங்கியது. முள் காலிக்கு வந்த பிறகு எத்தனை லிட்டர் மிஞ்சும் என்பதும் தெரிந்தது. அட்டையை முகப்பில் ஒட்டினோம். நோட்டுப் புத்தகத்தைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காரிலேயே வைத்தோம். பிறகு அவ்விளைஞரின் வீட்டுக்குச் சென்று, ஊரார் சிலர் முன்னிலையில், தவறு அவருடையதன்று, நம்முடையதே என்று சொன்னோம். புது யூனிட் வாங்குவதைவிட அது கடினமாகத்தான் இருந்தது.

அம்பாசடர் காரின் உற்பத்தி 2014ஆம் ஆண்டு மே மாதம் உத்தர்பாராவில் நின்றுவிட்டது. ஆயினும் அவ்வண்டிகளும், பத்மினி முதலிய பிற பழைய கார்களும் இன்னும் பல வீடுகளில் இருக்கின்றன. பழைய வண்டிக்குப் பழுது வருவது இயல்பு. வைத்திருப்பவர் அப்பழுதுக்குப் பழகிக்கொள்வதும் இயல்பு. கதவை இப்படி அடிக்க வேண்டும், கியரை அப்படித் தள்ள வேண்டும், முள்ளை நம்பக் கூடாது என்று நமக்கு நாமே ஒரு சட்டம் வகுத்துக்கொள்கின்றோம். நாம் மட்டுமே ஓட்டும்வரை அது செல்லும். ஆனால் வண்டி என்பது, அவசரம் வந்தால், அடுத்தவர் கையில் போகும் பொருள். பழுதுக்கு நாம் பழகிவிட்டதால் பழுது தீர்ந்துவிடுவதில்லை. அதன் ஆபத்து நம்மை விட்டு நீங்கி, அறியாத மற்றொருவருக்காகக் காத்திருக்கின்றது.

ஆகவே அன்பர்களே, உங்கள் வீட்டு வண்டியில் இத்தகைய பழுது ஏதேனும் இருப்பின், இன்று மாலையே மேற்சொன்ன நான்கு சோதனைகளையும் செய்து பாருங்கள். பெரும்பாலும் ஒரு முழ வயரும் ஒரு துண்டு உப்புத்தாளும் போதும். உடனே சரி செய்ய இயலாதெனில், ஒரு சிறு சீட்டில் ‘இந்த முள் பாதிக்குக் கீழே இறங்காது’ என்பது போன்று, உள்ள குறையை உள்ளபடி எழுதி, ஸ்டீயரிங்கில் கட்டி வையுங்கள். எழுதுவதற்கு ஒரு நிமிடம் ஆகும். அந்த ஒரு நிமிடத்தை நாம் செலவிடாமையால், சிறுகனூர் அருகே ஒரு தாய் ஒன்றரை மணி நேரம் இருளில் காத்திருந்தாள்.

அக்குழந்தை இன்று வளர்ந்து வாலிபனாகிவிட்டான். சென்ற ஆண்டு ஓட்டுநர் உரிமம் பெற்றவுடன் நம்மைக் காண வந்தான். அவன் கையில் நாம் கொடுத்தது ஒரு முழ வயர். எதற்கென்று சொல்லிக் கொடுத்தோம்.